ஸ்போர்ட்ஸ் காரின் கன்வெர்ட்டரை மாற்றினால் திறன் மிகுமா?

மோட்டார் வண்டித் தொழிலுக்குப் பெயர்பெற்ற இந்திய நகரங்களுள் புனே முன்வரிசையில் நிற்பது. பிம்ப்ரி, ஆகுர்டி, சாக்கன் ஆகிய பகுதிகளில் லாரி முதல் மோட்டார் சைக்கிள் வரை பலவகை வண்டிகள் உற்பத்தியாகின்றன. 1966-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திய ஆட்டோமோட்டிவ் ஆராய்ச்சிச் சங்கத்தின் சோதனைச்சாலைகள் நகரின் மேற்கே வேதாள் குன்றின்மீது அமைந்துள்ளன. பாஷாண் பகுதியில் 1950 ஜனவரி 3 அன்று திறந்து வைக்கப்பெற்ற தேசிய இரசாயன ஆராய்ச்சிச் சாலை உள்ளது. வண்டியின் புகையை அளப்பது முன்னதன் பணிகளுள் ஒன்று. வினையூக்கிகளை ஆராய்வது பின்னதன் பணிகளுள் ஒன்று. இவ்விரு துறைகளும் சந்திக்கும் இடமே, காரின் அடியில் புகைபோக்கிக் குழாயின் நடுவே பொருத்தப்பட்டிருக்கும் வினையூக்கிக் கன்வெர்ட்டர் என்னும் உலோகப் பெட்டி.

விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்திருப்போர் சிலர் இப்பெட்டியைக் கழற்றிவிட்டு வெறுங்குழாயையோ, துளைகள் அகன்ற வேறொரு கன்வெர்ட்டரையோ பொருத்துமாறு பட்டறைகளில் கேட்பதுண்டு. அடைப்பு நீங்கினால் எஞ்சினின் திறன் மிகும் என்பது அவர்கள் எண்ணம். இவ்வெண்ணத்தில் ஓரளவு உண்மை உண்டு. அவ்வுண்மை எவ்வளவு, அதற்குக் கொடுக்கும் விலை எவ்வளவு என்பனவற்றைக் கணக்கிட்டுப் பார்த்தல் பயனுடையது. ஸ்போர்ட்ஸ் கார்கள் எண்ணிக்கையில் சிலவே. எனினும் இதே மாற்றத்தைக் கல்லூரி மாணவர்கள் தம் மோட்டார் சைக்கிள்களில் செய்துகொள்வதால், இச்செய்தி ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் தொடர்புடையதாகிறது.

கன்வெர்ட்டரின் அமைப்பு

பெட்ரோல் எஞ்சினில் எரிதல் ஒருபோதும் முழுமையாக நிகழ்வதில்லை. கார்பனின் ஒரு பகுதி அரைகுறையாக எரிந்து கார்பன் மானாக்ஸைடு ஆகிறது. பெட்ரோலின் ஒரு சிறு பகுதி எரியாமலே ஹைட்ரோகார்பன்களாக வெளியேறுகிறது. சிலிண்டரின் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடி நைட்ரஜன் ஆக்ஸைடுகள் உண்டாகின்றன. இம்மூன்றும் உடல்நலத்திற்குக் கேடு விளைப்பவை. கார்பன் மானாக்ஸைடு, பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட நாட்டத்துடன் இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் வினைபுரிந்து, தரைமட்டத்தில் ஓசோன் உண்டாகக் காரணமாகின்றன.

கன்வெர்ட்டரின் உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் அல்லது மெல்லிய உலோகத் தகட்டுக் கட்டி ஒன்று உள்ளது. அதன் குறுக்குவெட்டில் ஒரு சதுர அங்குலத்திற்குச் சுமார் 400 துளைகள் இருத்தல் வழக்கம். சிலவற்றில் 600 அல்லது அதற்கு மேலும் இருக்கும். துளைகளின் சுவர்களில் அலுமினாவும் சீரியம் ஆக்ஸைடும் கலந்த நுண்துகள் பூச்சு உண்டு. இவ்வகை அலுமினா ஒரு கிராமுக்கு 100 சதுர மீட்டர் அளவிலான மேற்பரப்புடையது. ஆதலின் ஒரு பெட்டியினுள் அடங்கிய மொத்தப் பரப்பு ஒன்றிரண்டு கால்பந்து மைதானங்களுக்கு ஈடாகும். அப்பரப்பின்மீது சில கிராம் அளவே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அருவிலை உலோகங்கள் தூவப்பட்டுள்ளன. பிளாட்டினமும் பல்லேடியமும் கார்பன் மானாக்ஸைடையும் ஹைட்ரோகார்பன்களையும் எரித்து முடிக்கின்றன. ரோடியம் நைட்ரஜன் ஆக்ஸைடுகளைப் பிரித்து நைட்ரஜனாக்குகிறது. வினையின் முடிவில் உலோகங்கள் செலவாகாமல் அப்படியே எஞ்சுகின்றன. வினையூக்கி என்பதன் இலக்கணம் இதுவே.

இவ்வினைகள் நடைபெற இரு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, பெட்டி சுமார் 250 முதல் 300 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறியிருத்தல் வேண்டும். அதனால்தான் வண்டி கிளம்பிய முதல் ஓரிரு நிமிடங்களில் வெளியேறும் புகையே மிகவும் கேடானது. அதனால்தான் இக்காலக் கார்களில் கன்வெர்ட்டரை எஞ்சினுக்கு மிக நெருக்கமாக அமைக்கிறார்கள். இரண்டாவது, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்னும் விகிதம் வழுவாமல் காக்கப்படுதல் வேண்டும். கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள பிராணவாயு உணர்கருவிகள் புகையைச் சோதித்து மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செய்தி அனுப்ப, அது பெட்ரோலின் அளவைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. ஆறு அல்லது எட்டு சிலிண்டர்கள் இரு வரிசையாக அமைந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் வரிசைக்கு ஒன்றாகவேனும் கன்வெர்ட்டர்கள் இருக்கும்.

இது வந்த வழி

பிரெஞ்சுப் பொறியியலாளரான யூஜின் ஹூத்ரி என்பவர் அமெரிக்காவில் குடியேறி, பெட்ரோலியச் சுத்திகரிப்பில் வினையூக்கிகளைப் புகுத்திப் புகழ்பெற்றார். பின்னர் வண்டிப் புகைக்கும் வினையூக்கிக் கருவி ஒன்றை வகுத்து 1956-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அக்காலப் பெட்ரோலில் எஞ்சினின் தட்டொலியைத் தடுக்க ஈயக் கூட்டுப்பொருள் சேர்க்கப்பட்டு வந்தது. ஈயம் வினையூக்கியின் பரப்பை மூடிச் செயலற்றதாக்கிவிடும். ஆகவே ஈயம் நீங்கிய பெட்ரோல் கிடைத்த பின்னரே இக்கருவி நடைமுறைக்கு வர முடிந்தது. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் இது பரவலாகப் பொருத்தப்பட்டது. மூன்று நச்சுகளையும் ஒருங்கே மாற்றும் முவ்வழிக் கன்வெர்ட்டர் அப்பத்தாண்டின் பிற்பகுதியில் வந்தது.

இந்தியாவில் 1995 ஏப்ரல் 1 முதல் தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமாக்கப்பட்டது. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படலாயிற்று. 2010 ஏப்ரலில் பாரத் நிலை 4 விதிகள் முதலில் நடைமுறைக்கு வந்த 13 நகரங்களுள் புனேயும் ஒன்று. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 விதிகள் நாடு முழுவதற்கும் உரியனவாயின. 1991-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு பெட்ரோல் கார் தன் எடைக்கேற்ப, கிலோமீட்டருக்கு 14.3 முதல் 27.1 கிராம் வரை கார்பன் மானாக்ஸைடை வெளியிடலாம். பாரத் நிலை 6 விதிகளில் அவ்வரம்பு 1 கிராம். நைட்ரஜன் ஆக்ஸைடுகளுக்கு 0.06 கிராம். இம்மாற்றத்தில் எஞ்சின் வடிவமைப்பிற்கும் பங்குண்டு. எனினும் பெரும்பங்கு கன்வெர்ட்டருடையது.

எதிரழுத்தக் கணக்கு

இனி, திறன் பற்றிய வினாவிற்கு வருவோம். புகை குழாய்வழியே செல்லுகையில் ஏற்படும் தடையினால் எஞ்சினின் வாயிலில் அழுத்தம் சற்று உயர்கிறது. இதற்கு எதிரழுத்தம் என்று பெயர். பிஸ்டன் மேலேறிப் புகையைத் தள்ளும்போது இவ்வழுத்தத்தை எதிர்த்து உழைக்க வேண்டியிருக்கிறது. அவ்வுழைப்பு எஞ்சினின் திறனிலிருந்து கழிகிறது.

எளிய கணக்கு ஒன்று. டர்போ இல்லாத நல்ல எஞ்சின் ஒன்று முழுத் திறனுடன் ஓடுகையில் பிஸ்டன்மீது பயன்படும் சராசரி அழுத்தம் சுமார் 1000 கிலோபாஸ்கல் எனக் கொள்க. கன்வெர்ட்டரின் பங்காகிய எதிரழுத்தம் 10 கிலோபாஸ்கல் என்று தாராளமாகவே வைத்துக்கொள்க. அதை அறவே நீக்கினால் நேரே கிடைக்கும் ஆதாயம் 1000-இல் 10, அதாவது நூற்றுக்கு 1. சிலிண்டரில் எஞ்சும் பழைய புகை குறைவதால் புதிய கலவை சற்றுக் கூடுதலாக நுழையும். அதனையும் சேர்த்தால் நூற்றுக்கு 2 அல்லது 3 எனலாம். 300 குதிரைத் திறன் உடைய காருக்கு இது 6 முதல் 9 குதிரைத் திறன். வெறுங்குழாய்க்குப் பதிலாகச் சதுர அங்குலத்திற்கு 200 துளைகள் உடைய கன்வெர்ட்டரைப் பொருத்தினால் தடையின் ஒரு பகுதி எஞ்சியிருக்கும். ஆதாயம் இன்னும் குறையும்.

இதுவும் ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்தி, எஞ்சினை மிகுவிரைவில் ஓட்டும்போதுதான். புகையின் அளவு நான்கில் ஒன்றாகக் குறைந்தால், நுண்துளைகளினுள் எழும் தடை நான்கில் ஒன்றாகவும், வளைவுகளிலும் வாயில்களிலும் எழும் தடை பதினாறில் ஒன்றாகவும் குறையும். நகரச் சாலையில் ஸ்வார்கேட்டிலிருந்து சிவாஜி நகர் செல்லும் கார் பெரும்பாலும் இந்நிலையிலேயே ஓடுகிறது. அப்போது எஞ்சினின் திறனைக் கட்டுப்படுத்துவது ஓட்டுநரின் பாதமேயன்றிக் கன்வெர்ட்டர் அன்று. சற்றுக் கூடுதல் திறன் தேவைப்பட்டால் ஆக்ஸிலரேட்டரைச் சற்று அழுத்தினாற் போதும்.

இவ்வாதாயத்தின் அளவை உணர இயற்கையே ஓர் அளவுகோலைத் தருகிறது. புனே கடல்மட்டத்திற்குச் சுமார் 560 மீட்டர் உயரத்தில் உள்ளது. மும்பையிலிருந்து போர் மலைப்பாதை வழியாக ஏறிவரும் கார், அடர்த்தி குறைந்த காற்றை உட்கொள்வதால் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பங்கு திறனை இழக்கிறது. பெரும்பாலான ஓட்டுநர்கள் இவ்விழப்பை உணர்வதேயில்லை. அங்ஙனமாயின், நூற்றுக்கு 2 பங்கு ஆதாயத்தைத் தெளிவாக உணர்ந்ததாகக் கூறுவதை ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும். ஒலி மிகுந்தால் வேகமும் மிகுந்ததாகத் தோன்றுவது மனித இயல்பு. மேலும் 40 டிகிரி வெப்பமுள்ள பிற்பகல் காற்றைவிட, 15 டிகிரி வெப்பமுள்ள குளிர்கால விடியற்காலைக் காற்று சுமார் நூற்றுக்கு 8 பங்கு அடர்த்தி கூடியது. மாற்றத்திற்கு முன் பிற்பகலிலும், பின் விடியலிலும் சோதித்தால், குழாயை மாற்றாமலே திறன் மிகுந்ததாக அளவு காட்டும்.

டர்போ பொருத்திய எஞ்சின்களின் நிலை சற்று வேறு. அங்கே புகையே ஒரு சக்கரத்தைச் சுழற்றிக் காற்றை உள்ளே அழுத்துகிறது. சக்கரத்திற்குப் பின்னுள்ள தடை குறைந்தால் அது விரைந்து சுழலும். ஆதாயமும் மேற்கூறியதைவிட மிகும். எனினும் காற்றழுத்தத்தின் உச்சவரம்பைக் கட்டுப்பாட்டுப் பெட்டி நிர்ணயிக்கிறது. பெட்டியின் நிரலை மாற்றினாலன்றி முழு ஆதாயமும் கிட்டாது. மாற்றினாலோ, எஞ்சினும் கியர்ப் பெட்டியும் வகுக்கப்பட்ட அளவிற்கு மேற்பட்ட வெப்பத்தையும் சுமையையும் தாங்க வேண்டியிருக்கும்.

கன்வெர்ட்டரை மாற்ற வேண்டிய நேரம்

கன்வெர்ட்டரை மாற்றியதால் வண்டி புத்துயிர் பெற்றது என்று கூறுவோர் அனைவரும் மிகைப்படுத்துகிறார்கள் என்பதற்கில்லை. பழைய கன்வெர்ட்டர் பழுதுற்றிருந்தால் அக்கூற்று மெய்யே. தீப்பொறிச் செருகி சரிவர வேலை செய்யாதபோது எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் சென்று அங்கே எரிகிறது. வெப்பம் 1000 டிகிரியைக் கடந்தால் நுண்துகள் பூச்சு கெடுகிறது. மேலும் மிகுந்தால் பீங்கான் உருகித் துளைகள் அடைபடுகின்றன. எஞ்சின் எண்ணெய் கசிந்து எரிவதால் உண்டாகும் சாம்பலும் துளைகளை மூடும். வேகத்தடைகளில் அடிபட்டுப் பீங்கான் நொறுங்குவதும் உண்டு.

இத்தகைய வண்டி மெதுவாக ஓடுகையில் குறையொன்றும் காட்டாது. விரைவு கூட்டும்போது திணறும். எஞ்சின் மிகையாகச் சூடேறும். அடிப்பக்கத்தில் தளர்ந்த துண்டுகள் குலுங்கும் ஓசை கேட்கலாம். முன்னுள்ள உணர்கருவியைக் கழற்றி அதன் துளையில் அழுத்தமானியைப் பொருத்தினால் அடைப்பின் அளவு தெரிந்துவிடும். அடைப்பு உறுதியானால், முதலில் அதற்குக் காரணமான பழுதை நீக்கிப் பின்னர் வண்டி உற்பத்தியாளரின் அங்கீகாரம் பெற்ற கன்வெர்ட்டரைப் பொருத்துவதே முறை. காரணத்தை நீக்காவிடின் புதியதும் விரைவில் கெடும். இங்கே கிடைப்பது புதிய திறன் அன்று. இழந்த திறன் மீள்வதேயாகும்.

கழற்றுவதன் விலை

நல்ல நிலையிலுள்ள கன்வெர்ட்டர், சூடேறிய பின் மூன்று நச்சுகளிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மாற்றிவிடுகிறது. ஆகவே அது கழற்றப்பட்ட ஒரு கார், கழற்றப்படாத பத்துக் கார்களுக்கு மேற்பட்ட நச்சுப்புகையைத் தெருவில் விடுகிறது. நூற்றுக்கு 2 பங்கு ஆதாயம் ஒருவருக்கு, அதுவும் ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்தும் சில விநாடிகளுக்கு. பத்து மடங்குக் கேடோ, வண்டி ஓடும் நேரமெல்லாம் பிறருக்கு. சந்திகளில் நாள்தோறும் நிற்கும் போக்குவரத்துக் காவலர், சாலையோர வியாபாரி, பள்ளி விட்டு நடந்து செல்லும் சிறுவர் ஆகியோரே அதை முதலில் சுவாசிப்பவர்கள். மூடிய பட்டறையில் எஞ்சினை ஓடவிட்டு வேலை செய்யும் மெக்கானிக்கின் நிலை இன்னும் அபாயமானது. கார்பன் மானாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

வண்டிக்கும் இதனால் நன்மையில்லை. பின்னுள்ள உணர்கருவி தன் முன்னுள்ள கன்வெர்ட்டர் செயலற்றதென்று அறிவிக்க, எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும். அவ்விளக்கு ஓயாமல் எரிந்துகொண்டிருந்தால் வேறு பழுதுகள் தோன்றும்போது அவை கவனத்திற்கு வாரா. சட்டமும் இதற்கு இடந்தரவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019-இல் இதனை வலியுறுத்தியது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, காற்று மாசு விதிகளை மீறி வண்டி ஓட்டுவோருக்கு முதற்குற்றத்திற்கே மூன்று மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

அளவிடும் முறை

புகையளவை எவ்வாறு சோதிப்பது என்பதில் புனேயின் பங்கு குறிப்பிடத்தக்கது. இந்திய நகரங்களின் போக்குவரத்திற்கு ஏற்ப ஆராய்ச்சிச் சங்கம் வகுத்த இந்திய ஓட்டச் சுழற்சி 108 விநாடிகள் நீடிப்பது. அதன் உச்ச வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர். சராசரி வேகம் சுமார் 22 கிலோமீட்டர். வண்டியை உருளைகளின்மேல் நிறுத்தி இச்சுழற்சிப்படி ஓட்டி, வெளியேறும் புகையைப் பைகளில் சேகரித்து ஆராய்வர். பின்னர் கார்களுக்கு 90 கிலோமீட்டர் வேகம் வரையுள்ள பகுதியும் சேர்க்கப்பட்டது. 2023 ஏப்ரல் முதல், கருவிகளை வண்டியிலேயே ஏற்றிச் சாலையில் ஓட்டி அளக்கும் முறையும் விதிகளில் இடம்பெற்றுள்ளது.

புகைச் சான்றிதழ் நிலையங்களில் நடப்பது இதனினும் எளிய சோதனை. பாரத் நிலை 4-உம் அதற்குப் பிந்தியதுமான பெட்ரோல் காரில், எஞ்சின் சும்மா ஓடுகையில் கார்பன் மானாக்ஸைடு புகையின் கன அளவில் நூற்றுக்கு 0.3-க்கும், ஹைட்ரோகார்பன்கள் பத்து லட்சத்தில் 200 பங்குக்கும் மேற்படலாகாது. நிமிடத்திற்குச் சுமார் 2500 சுழற்சியில் கார்பன் மானாக்ஸைடின் வரம்பு 0.2 ஆகும். களப்பணியாளர்கள் எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரே அளவெடுத்தல் வேண்டும். குளிர்ந்த நிலையில் எடுத்தால் நல்ல கன்வெர்ட்டரும் கெட்டதாகத் தோன்றும். இரண்டாம் அளவு முதலாவதைவிடக் குறையாமல் உயர்ந்தே நின்றால், வண்டிக்கு அடியில் பெட்டி உள்ளதா, இருந்தும் வெறுமையானதா என்று பார்த்தல் நலம்.

பள்ளியில் காட்டத்தக்க சோதனைகள்

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் இப்பொருளை இரு சோதனைகளால் விளக்கலாம். ஒரு சோதனைக் குழாயில் நீர்த்த ஹைட்ரஜன் பெராக்ஸைடு கரைசலை எடுத்து, சிறிதளவு மாங்கனீஸ் டை ஆக்ஸைடு தூளை இடுக. பிராணவாயு குமிழியிட்டு வெளிவரும்; கனலும் குச்சியைக் காட்டினால் சுடர்விட்டு எரியும். வினை ஓய்ந்தபின் தூளை வடிகட்டி, உலர்த்தி, நிறுத்துக் காட்டுக. எடை குறைந்திராது. அதே தூளை மீண்டும் புதிய கரைசலில் இட்டால் முன்போலவே வினை நிகழும். கன்வெர்ட்டரின் உலோகம் ஆண்டுக்கணக்கில் உழைப்பதன் காரணம் மாணவர்க்கு விளங்கும்.

இரண்டாவது சோதனை எதிரழுத்தம் பற்றியது. உறிஞ்சுகுழல்களைக் கட்டாகச் சேர்த்து அகன்ற குழாய் ஒன்றினுள் செருகி, குழாயின் வாயருகே ஒரு துளையிட்டு, நீர் நிரப்பிய யூ வடிவக் குழாயுடன் இணைக்க. மெல்ல ஊதினால் நீர்மட்ட வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாத அளவே இருக்கும். பலமாக ஊதினால் மிகும். நீர்மட்டத்தில் 10 சென்டிமீட்டர் வேறுபாடு ஏறத்தாழ 1 கிலோபாஸ்கலுக்குச் சமம். மேலே கணக்கிட்ட 10 கிலோபாஸ்கல் என்பது ஒரு மீட்டர் உயர நீரின் அழுத்தம். சில குழல்களை மெழுகால் அடைத்துவிட்டு மீண்டும் ஊதச் செய்தால், பழுதுற்ற கன்வெர்ட்டரின் நிலை தெரியவரும்.

இச்சோதனைகளின்போது மோட்டார் சைக்கிளைப் பற்றியும் கூறுதல் வேண்டும். இக்கால இருசக்கர வண்டிகளிலும் வினையூக்கி உண்டு. பலவற்றில் அது புகைக்குழாயோடு அல்லது சைலென்ஸரோடு இணைந்தே அமைந்துள்ளது. ஒலிக்காகக் குழாயை முழுதுமாக மாற்றுபவர், தாம் அறியாமலே கன்வெர்ட்டரையும் கழற்றி எறிகிறார். ஒரு வகுப்பில் வண்டி வைத்திருக்கும் மாணவர் சிலரேனும் இதனைக் கணக்குடன் அறிந்துகொண்டால், குழாயை மாற்றுமுன் பழைய குழாயினுள் என்ன இருக்கிறது என்று கேட்கத் தொடங்குவர்.